கேட்டுக்கு உள்ளே நாற்பத்தொரு நாள்

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

நானும் நம் வீட்டு இன்ஸ்பெக்டரும், அதாவது உன் மகளும், நலம். சுரங்க முகாமில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று சொன்னாய். கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டு நடுங்காதே, எடுத்துப் போடு.

ஞாயிற்றுக்கிழமைதான் போனில் பேசினோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பேச்சில் பாதியைக் கரகரப்பு தின்றுவிடுகிறது. மீதியை உன் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். ஒன்பது வயதுக்காரி பக்கத்தில் நின்று திருத்தம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மனுஷன் பெண்டாட்டியிடம் என்ன பேச முடியும்? உங்கள் முகாமுக்குச் சாமான் ஏற்றிவரும் வண்டியில் தபால் பத்து நாளில் வந்துவிடுமாம். அதனால் எழுதுகிறேன்.

சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது; குளியலறைக் குழாய் ஆரம்பித்திருக்கிறது. மகளின் பள்ளிச் சீருடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா மடிப்பைப் பிரித்து இறக்கிக் கொடுத்தார். கணக்கில் பின்தங்குகிறாள் என்று டீச்சர் சொன்னார். கேட்டால், 'நான் பின்தங்கல, மத்தவங்க அவசரப்படறாங்க' என்கிறாள். இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை.

சிகரெட் விஷயத்துக்கு வருகிறேன். இன்றோடு பதினான்கு நாள். ஒன்றுகூட இல்லை.

நீ கிளம்புவதற்கு முன் குழந்தை டாக்டர் சொன்னது நினைவிருக்கும். வெளியே போய்த்தான் பிடிக்கிறேன் என்று நான் சொன்னதற்கு, 'எல்லா அப்பாவும் அதத்தான் சொல்றாங்க. சட்டையையும் வெளிய விட்டுட்டா வர்றீங்க?' என்றார். அன்று உனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான். ராத்திரி அவள் நெஞ்சு விசில் அடிப்பதைக் கேட்டுக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அதே கவலைக்கு ஒன்று பற்றவைத்தேன்.

முதலில் குறைத்துப் பார்த்தேன். பதினெட்டைப் பதினைந்தாக்கி, பத்தாக்கி, பத்தில் நின்றுவிட்டேன். பத்துக்கு வந்தவன் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அடுத்ததை நினைத்துக்கொண்டே இருக்கிறான். பிறகு நிக்கோட்டின் சூயிங்கம். அதைச் சும்மா மென்று விழுங்கிவிட்டேன். ஒரு மணி நேரம் விக்கல். மென்று, கன்னத்தில் ஒதுக்கி, மறுபடி மெல்ல வேண்டுமாம். மருந்துக்கடைக்காரர் சொல்லவில்லை, அட்டையில் பொடி எழுத்தில் இருந்தது, நான் கண்ணாடி போடவில்லை. இப்போது தோளில் ஒட்டும் பட்டை. தினம் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். ஒட்டிய இடம் எறும்பு கடித்த மாதிரி அரிக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் புகைப்பழக்கத்தை விடுவதற்கென்றே ஓர் அறை இருக்கிறது. அங்கே ஆலோசனை சொல்லும் பெண் உன் கடைசித் தங்கை வயதுதான் இருப்பார். 'ஆசை வந்தா அஞ்சு நிமிஷம் தள்ளிப் போடுங்க. அது அலை மாதிரி, தானா எறங்கிடும்' என்றார். இறங்குகிறது, உண்மை. அடுத்ததும் வருகிறது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

ஒரு விஷயம் கவனித்தேன். நீ எங்கள் எரிபொருள் கிடங்கின் கேட்டை வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறாய். உள்ளே நுழையுமுன் தீப்பெட்டி, லைட்டர், சிகரெட், போன் எல்லாவற்றையும் காவலரிடம் கொடுத்துவிட வேண்டும். சுவரில் மாடம் மாடமாக மர அறைகள். என்னுடையது இருபத்தேழு. திரும்பும்போது டோக்கனைக் காட்டினால் பொருளைத் தள்ளுவார். பத்தொன்பது வருஷமாக உள்ளே இருக்கும் எட்டு மணி நேரமும் எனக்கு ஆசை வந்ததே இல்லை. லாரியில் எர்த் கம்பியை மாட்டி, குழாயை இறக்கி, பெட்ரோல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எவனுக்கு நெருப்பு நினைவு வரும்? ஆனால் மதியம் இரண்டு மணிக்கு கேட் அண்ணன் அந்த மாடத்தில் கை வைப்பார் பார், அந்தச் சத்தத்துக்கே வாயில் எச்சில் ஊறும். இப்போது அதில் போன் மட்டும்தான் இருக்கிறது. ஆனாலும் ஊறுகிறது.

கூட வேலை செய்யும் ஒல்லி, 'நீ விட்டுட்டா நான் யார்கிட்ட ஓசி வாங்கறது? என் குடும்பத்தப் பத்தி யோசிச்சியா?' என்று கேட்டான். யோசிக்கவில்லை என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வார்டில் நின்றுகொண்டே சாப்பிடாதே.

உன் வீட்டுக்காரன்

*

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. பதினான்கு நாளுக்கு நீ போட்ட சபாஷை மகளிடம் படித்துக் காட்டினேன். 'இன்னும் செக் பண்ணாம சபாஷ் போடக்கூடாது' என்றாள். தினமும் என் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறாள். வேலை முடிந்து வரும்போது பெட்ரோல் வாசனை வந்தால் பாஸ்.

இன்று முப்பத்து மூன்றாம் நாள். ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். ஆலோசனை அறைப் பெண்ணிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு வெளியே வந்தால்தானே பிரச்சினை? வெளியே வராமலே இருந்துவிட்டால்? இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் போதாமல் மேஸ்திரி தினமும் கத்துகிறார். பதினேழாம் நாள் இரண்டு மணிக்கு டோக்கனைக் கையில் எடுத்துவிட்டேன். கேட்டுக்கு எதிர்க்கடையில் ஒல்லி பற்றவைப்பது உள்ளிருந்தே தெரிந்தது. மேஸ்திரி 'யாராவது இருக்கீங்களாப்பா' என்றார். கையைத் தூக்கிவிட்டேன். இரவு பத்துக்கு வெளியே வந்தபோது கடை மூடியிருந்தது. நான் ஜெயித்த மாதிரி இருந்தது. அதிலிருந்து வாரத்தில் நான்கு நாள் இரண்டு ஷிப்டு.

காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை பதினாறு மணி நேரம். உள்ளே பிடிக்க முடியாது, வெளியே வந்தால் நேராகத் தூக்கம். ஆசைக்கு இடமே இல்லை. இவ்வளவு எளிதான வழி முன்பே தோன்றாமல் போனதே என்றிருக்கிறது. கால்தான் மரக்கட்டையாகிவிடுகிறது. கண்ணை மூடினால் குழாய் வால்வு தெரிகிறது.

பள்ளி விட்டதும் மகள் கீழ்வீட்டில்தான் இருக்கிறாள். அங்கேயே வீட்டுப்பாடம், அங்கேயே சாப்பாடு. நான் வந்து தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டு மேலே தூக்கி வருகிறேன். கனத்துவிட்டாள். தையல்காரம்மாவுக்கு எரிச்சல் ஒன்றும் இல்லை, ஆனால் நாக்கு இருக்கிறதே. நேற்று, 'சிகரெட்ட விட்டீங்க, நல்லது. புள்ளையையும் சேத்து விட்டுட்டீங்களா?' என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன்.

உன் அக்கா போனில் பிடித்துக்கொண்டார். 'ஒத்தப் புள்ளைய அடுத்த வீட்டுல விட்டுட்டு அப்படி என்ன ரெண்டு ஷிப்டு? எந்த மகராசி அங்க வேலைக்குச் சேந்திருக்கா?' என்றார். எங்கள் கிடங்கில் இருப்பதெல்லாம் மீசை வைத்த மகராசிகள்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பிள்ளையைத் தன்னிடம் அனுப்பிவிடச் சொல்கிறார். அங்கே மூன்று அறை இருக்கிறது, வீட்டில் எந்நேரமும் ஆள் இருக்கிறது, பள்ளி பக்கத்தில். எல்லாம் சரிதான். ஆனால் அவளும் இல்லாத வீட்டுக்கு நான் எதற்கு வர வேண்டும் என்று அவரிடம் கேட்க முடியாது. உன்னிடம்தான் கேட்கலாம்.

மகள் ஒரே ஒரு புகார் வைத்திருக்கிறாள். 'அப்பா, நீ வீட்ல இருக்கறப்ப எல்லாம் கண்ண மூடிட்டே இருக்க.' உனக்கு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இழுப்பு இந்த மாதம் இரண்டு தரம்தான். மருந்துக் குழலை உறிஞ்சியதும் அடங்கிவிட்டது. பழைய குழல் தீரப்போகிறது. புதிது வாங்க வேண்டும். உன் ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதற்குள் நான் இருநூறைத் தாண்டியிருப்பேன்.

முட்டிவலிக்கு நீ எழுதிய பயிற்சியைச் செய்யவில்லை. செய்வேன்.

உன் வீட்டுக்காரன்

*

அன்புள்ள உனக்கு,

முதலில் இதைப் படி: குழந்தை நன்றாக இருக்கிறாள். இப்போது உள் அறையில் தரையில் படுத்து வரைந்துகொண்டிருக்கிறாள். நீ நர்ஸ், உனக்கு எண் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனபோது விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் எண்பத்தொன்பது. எட்டரை மணிக்குத் தொண்ணூற்றேழு. மறுநாள் காலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை போனில் அவளுக்குச் சளி என்று சொன்னேனே, அது பொய். சளி இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை. நாற்பத்தொன்றாம் நாள். காலை வேலைக்குப் போகும் வழியில், விடிகாலையிலேயே திறக்கும் மருந்துக்கடையில் புதுக் குழல் வாங்கினேன். அது அழுத்தம் அடைத்த டப்பா. உள்ளே கொண்டுபோக விட மாட்டார்கள். போனோடு சேர்த்து இருபத்தேழில் வைத்தேன். இரண்டரை மணிக்கு வீட்டில் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அன்று இரண்டு ஷிப்டு நாள் இல்லை.

இரண்டு மணிக்கு முன்னால் ஒரு லாரியில் குழாய் இணைப்பு கசிந்து மேஸ்திரி எல்லாரையும் கிழித்தெடுத்தார். தப்பு என்னுடையது இல்லை, ஆனால் அந்த மேடையில் நின்றது நான்தான். வாய் வறண்டு, தலைக்குள் இரைந்தது. அந்த நிலையில் கேட்டைத் தாண்டினால் கடைக்குத்தான் போவேன் என்று தெரிந்தது. இரண்டாவது ஷிப்டுக்குக் கை தூக்கினேன். தூக்கும்போது குழல் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் போயிருப்பேனா என்று இந்த நான்கு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஐந்து மணிக்கு அவளுக்கு இழுப்பு வந்தது. பழைய குழலை அமுக்கினால் வெறும் காற்று. தையல்காரம்மா எனக்கு போன் போட்டார். பதினோரு தரம். பதினோரு தரமும் அது மாடத்துக்குள் அந்தக் குழலுக்குப் பக்கத்திலேயே அடித்திருக்கிறது. ஒருவர் போனை இன்னொருவர் எடுக்கக் கூடாது என்பது கேட்டில் விதி. கடைசித் தரம் அடித்தபோது கேட் அண்ணன் விதியைப் பார்க்காமல் எடுத்துவிட்டார். ஆனால் மாற்று ஆள் இல்லாமல் கேட்டை விட்டு அவர் நகர முடியாது. உள்ளே போகும் ஒரு லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்பினார். அந்த டிரைவர் வரிசையில் நின்று, தன் முறை வந்து, மேடைக்கு வந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். நாற்பது நிமிஷம். ஏன்யா ஓடி வந்து சொல்லவில்லை என்று சட்டையைப் பிடித்துவிட்டேன். 'வரிசையில வண்டிய விட்டுட்டு எறங்கக் கூடாதுண்ணே, நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க' என்றார். ஆமாம். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

தையல்காரம்மா எனக்காகக் காத்திருக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியை மிஷினிலேயே விட்டுவிட்டு, ஆட்டோவில் பிள்ளையை மடியில் உட்கார வைத்துத் தூக்கிப் போயிருக்கிறார். காலில் செருப்பு இல்லை. நான் போனபோது அவர் வார்டு வாசலில் நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். 'மூக்குல மாட்டிட்டாங்க, போய்ப் பாருங்க' என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

புகை மாதிரி மருந்து வரும் அந்த முகமூடி அவள் முகத்தில் பாதியை மூடியிருந்தது. கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்து விழுந்து எழுந்தது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். நிமிஷத்துக்கு நாற்பது, பிறகு முப்பத்தாறு, பிறகு முப்பது. எட்டரை மணிக்கு டாக்டர், 'இனி பயம் இல்ல, நீங்க போய் டீ சாப்டுட்டு வாங்க' என்றார்.

வெளியே வந்தேன். பயம் எல்லாம் போனபின்தான் ஆசை வந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் மரத்தடியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்று கொடுத்தார், பற்றவைத்தும் விட்டார். ஐந்து நிமிஷம் தள்ளிப்போடுவதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. கடைசிவரை பிடித்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

பிறகு குழாயில் வாயைக் கொப்பளித்தேன், சோப்பு போட்டுக் கையைக் கழுவினேன், மேல்சட்டையைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு உள்பனியனோடு போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகமூடியை எடுத்துவிட்டிருந்தார்கள். விழித்திருந்தாள். என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு கையை மெதுவாகப் போர்வை மேல் இறக்கி வைத்தாள். 'ஒன்னுதானேப்பா?' என்று கேட்டாள். ஒன்றுதான் என்றேன். 'நான் அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்' என்றாள். பேச மூச்சு பத்தாமல் இரண்டு தவணையாகச் சொன்னாள்.

அந்த நேரத்தில் சொல்லும்மா, பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டினேன்.

நேற்று நீ போனில், அப்பா எத்தனை நாள் என்று அவளிடம் கேட்டாய். ஸ்பீக்கரில்தான் இருந்தது. 'நாப்பத்தி நாலு' என்றாள். தயங்கவே இல்லை. நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய்! அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தரையில் காலால் கோடு போட்டுக்கொண்டு, நீ வாங்கிவரப்போகும் கலர் பென்சிலைப் பற்றிப் பேச்சை மாற்றினாள். உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவ்வளவு நன்றாகப் பொய் சொன்னாள். பரீட்சையில் தப்பு போட்டால்கூட ஓடி வந்து சொல்கிறவள் அவள். மூச்சு விடவே சிரமப்படும் பிள்ளை மேல் இதையும் ஏற்றிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். இல்லாவிட்டால், உண்மையைச் சொல்கிறேன், எழுதியிருப்பேனா தெரியாது.

இன்று காலை வேலைக்கு நடுவில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கி, ஆலோசனை அறைக்குப் போய் இரண்டு ஷிப்டு கதையைச் சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டே கேட்டார். 'உள்ள இருந்தப்ப நீங்க விடலீங்க, காத்துட்டிருந்தீங்க. வெளிய வர்ற அந்த நேரத்தக் கடக்கத்தான் கத்துக்கணும்' என்றார். சூயிங்கத்தையும் பட்டையையும் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தார். இரண்டாவது ஷிப்டு இனி கிடையாது என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். முறைத்தார். வெள்ளிக்கிழமை லீவு போட்டிருந்தேன். சனிக்கிழமை இரண்டு மணிக்கு வெளியே வந்து, கடைப் பக்கம் திரும்பாமல் பின்சந்து வழியாக நடந்து வந்தேன். இன்றைக்கு அவள் பள்ளி வாசலுக்கே போய் நின்றேன். மணி அடிக்க ஒன்றரை மணி நேரம் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். சிகரெட்டைத் தொடவில்லை. நாளைக்கு எப்படி என்று தெரியாது. நாற்பத்தொரு நாளில் எனக்கு இருந்த தைரியம் இப்போது இல்லை.

உன் அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தையல்காரம்மா சொல்லியிருக்கிறார், சொன்னது நியாயம்தான். பரீட்சை முடிந்ததும் வந்து பிள்ளையைக் கூட்டிப் போகிறாராம். அதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அவள் என்னோடு இருக்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன். அவளை வைத்துக்கொள்ளத் தகுதி இருக்கிறது என்று இந்தக் கடிதத்தை எழுதிவிட்டு உன்னிடம் வாதாட முடியாது. நடந்தது முழுக்க உன் முன் இருக்கிறது. நீ போகட்டும் என்று எழுதினால் துணியை நானே மடித்து வைத்து, புதுக் குழல் இரண்டு வாங்கிப் பைக்குள் போட்டு அனுப்புகிறேன். அதற்காக ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடி வராதே.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் கடிதத்துக்குப் பதில் எப்போது வேண்டுமானாலும் எழுது, எழுதாமலும் இரு. ஆனால் இது கிடைத்த அன்றே அவளுக்கு ஒரு கடிதம் எழுது. தனி உறையில், அவள் பெயர் போட்டு. அப்பா எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டார், நீ இனிமேல் எதையும் அம்மாவிடம் மறைத்து வைத்திருக்க வேண்டாம் என்று எழுது. நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். அவளைச் சமாதானப்படுத்தச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள். என்னைத் திட்ட வேண்டும் என்றால் அதிலேயே திட்டு. உறையைப் பிரிக்காமல் அவள் கையில் கொடுப்பேன்.

உன் வீட்டுக்காரன்